அக்கரையில் நின்ற ஓட்டர்கள்

போன வாரம் தேர்தல் பயிற்சியில் பேச என்னைக் கூப்பிட்டிருந்தீர்கள். ரிட்டையர் ஆகி இத்தனை காலம் கழித்தும் ஞாபகம் வைத்துக் கூப்பிட்டதில் சந்தோஷம். ஆனால் நான் பேச எழுந்திருக்கும் முன்பே, டீ இடைவேளையில், உங்களில் ஒருவர் (பெயர் வேண்டாம், வெட்கப்படுவார்) கையில் வடையோடு சொன்னார்: "காலனிப் பக்கம் ஓட்டு எப்பவும் கம்மிதான் சார். அவங்களுக்கு ஆர்வமில்லை." பக்கத்தில் நின்ற மற்றவர்கள் தலையாட்டினார்கள். எனக்கு உச்சந்தலை சூடாகிவிட்டது. அதன்பிறகு மேடையில் என்ன பேசினேன் என்று எனக்கே தெரியாது. பெட்டிக்கு அரக்கு வைப்பதைப் பற்றி ஏதோ உளறிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்று சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

இந்த 'ஆர்வமில்லை'யை நான் முதன்முதலில் கேட்டது முப்பத்தேழாம் வருஷத் தேர்தலில். அப்போது நான் தாலுகா ஆபீஸில் சின்ன குமாஸ்தா. இன்று மாதிரி அன்று எல்லாருக்கும் ஓட்டுக் கிடையாது. நிலம் இருக்க வேண்டும், வரி கட்ட வேண்டும், அல்லது எழுதப் படிக்கத் தெரியும் என்று மனுப் போட்டு நிரூபிக்க வேண்டும். பெரும்பாலான சனங்கள் தேர்தல் நாளன்றும் வழக்கம் போல வயலுக்குப் போனார்கள்.

எனக்கு வேலை போட்ட ஊர் பரமத்தி வேலூருக்குப் பக்கத்தில், காவிரிக்கரையில். ஊரை ஒட்டி ஒரு வாய்க்கால் ஓடும். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் ஊர், பள்ளிக்கூடம், சாவடி, கிராம அதிகாரியான மணியக்காரர் வீடு. அந்தப் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால்களும், கொடிக்காலில் வேலை செய்கிறவர்களின் குடியிருப்பும். அதற்கு வாய்க்கால்மேடு என்று பெயர். இரண்டுக்கும் நடுவே ஒரு பலகைப் பாலம்.

வாய்க்கால்மேட்டுக்காரர்கள் ரேகைச் சட்டத்தில் கட்டப்பட்டவர்கள். உங்கள் வயதுக்கு அது தெரிந்திருக்காது. சில சாதிகளில் பிறந்தாலே திருடன் என்று வெள்ளைக்காரன் எழுதிவைத்த சட்டம் அது. திருடினானா இல்லையா என்ற கேள்வியே கிடையாது. வயது வந்ததும் பத்து விரலிலும் மை தடவி ரேகை எடுப்பார்கள். தினமும் பாலத்தைத் தாண்டிச் சாவடிக்கு வந்து மணியக்காரர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, 'இருக்கிறேன்' என்று காட்ட வேண்டும். அதற்குப் பெயர் ஆஜர். ஆஜருக்கு மட்டும் பாலம் தாண்டலாம். வேறு எதற்காகத் தாண்டினாலும் மணியக்காரர் கொடுக்கும் ராதாரிச் சீட்டு கையில் வேண்டும். சீட்டு இல்லாமல் எல்லையை மிதித்தால் ஜெயில். பிரசவ வலி எடுத்த பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடினாலும் சீட்டு எங்கே என்றுதான் கேட்பார்கள்.  

அந்தக் குடியிருப்பில் மாரப்பன் என்று ஒருவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கொடிக்காலில் வேலை செய்துகொண்டே ஒரு மிஷன் வாத்தியாரிடம் எழுத்துப் படித்தார். தன்னோடு இன்னும் சில ஆண்களையும் இழுத்து வைத்துப் படிக்கச் செய்தார். புதுச் சட்டத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவனுக்கு ஓட்டு உண்டு என்று கேள்விப்பட்டதும் எல்லாரையும் கூட்டிக்கொண்டு, முறையாகச் சீட்டு வாங்கிக்கொண்டு, எங்கள் ஆபீஸுக்கு வந்து மனுக் கொடுத்தார். அவர்கள் எந்த ஊர் என்று தெரிந்ததும் எங்கள் தலைமைக் குமாஸ்தா பழக்க தோஷத்தில் மைப்பெட்டியைத் திறந்து அவர் பக்கம் தள்ளினார். மாரப்பன் அதைத் திருப்பித் தள்ளிவிட்டு, "மை வேண்டாமுங்க சாமி. பேனாவைக் குடுங்க" என்றார். தன் பெயரையும் தகப்பன் பெயரையும் நிதானமாக எழுதினார். அவர்கள் எல்லாருக்கும் ஓட்டுக் கிடைத்தது.

அந்த ஓட்டு அவருக்கு எதற்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன். எதிரெதிராக நின்ற இரண்டு பேரில் ஒருவர் மணியக்காரரின் சம்பந்தி. இன்னொரு தரப்பார் ரேகைச் சட்டத்தை எடுத்துவிடுவோம் என்று கூட்டம் போட்டுச் சொல்லியிருந்தார்கள். மாரப்பனுக்கு அது போதும். தன் பிள்ளைகளின் விரலில் மை படாமல் இருக்க அவரிடம் வேறு ஆயுதம் எதுவும் கிடையாது.

தேர்தல் நாளன்று பள்ளிக்கூடத்தில் பெட்டியை வைத்தோம். எங்கள் தலைமை அதிகாரி சேலம் டவுன்காரர், ராவுத்தர். வீடு முழுக்க ஜவுளி வியாபாரம் செய்ய, அவர் மட்டும் பிடிவாதமாகச் சர்க்கார் வேலைக்கு வந்தவர். நேர்மையான மனிதர், புத்திசாலி. தன் புத்தியில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. வருகிறவர் இன்னார்தான் என்று அடையாளம் சொல்வதற்காக மணியக்காரர் அவருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

பள்ளிக்கூட ஜன்னல் வழியாகப் பார்த்தால் வாய்க்கால் தெரியும். காலையிலிருந்தே அக்கரையில் ஒரு கூட்டம் நின்றுகொண்டிருந்தது. வெளுத்த வேட்டி, தலையில் துண்டு. பாலத்தின் நடுவில் மணியக்காரரின் காவலாள் தலையாரி குறுக்கே தடியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வெயில் ஏறியது. கூட்டம் நகரவில்லை. அதிகாரி ஜன்னலைக் காட்டி, "அவங்க யாரு, ஏன் அங்கேயே நிக்கறாங்க?" என்று கேட்டார்.

மணியக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வாய்க்கால்மேட்டு ஆளுகளுங்க. அவங்களுக்கு இதுல எல்லாம் ஆர்வமில்லீங்க. சும்மா வேடிக்கை பார்க்க வந்து நிக்கறாங்க" என்றார்.

ஆர்வம் இல்லாதவன் வேட்டி துவைத்துக் கட்டிக்கொண்டு வெயிலில் நிற்பானா? அதிகாரிக்கும் அதே சந்தேகம். போய்ப் பார்த்துவிட்டு வா என்று என்னை அனுப்பினார். நான் பாலத்தைத் தாண்டிப் போனேன். எனக்குச் சீட்டு வேண்டியதில்லையே!

"ஏனுங்க, ஓட்டுப் போட வரலீங்களா?" என்று மாரப்பனைக் கேட்டேன்.

"வரத்தானுங்க வந்தோம். தாண்டுனாப் புடிச்சு உள்ள போட்டுருவாங்க. ஆஜருக்கு வாரப்பவாச்சும் போட்டுட்டுப் போலாமுன்னு பார்த்தா, இன்னிக்கு ஆஜரு சாவடியில இல்லை, தலையாரி உங்க ஊட்டுக்கே வந்து எடுத்துக்குவான்னு சொல்லிப்போட்டாங்க. சீட்டுக் கேட்டா, மணியக்காரரு எலக்சன் வேலையில இருக்கறாரு, நாளைக்கு வாங்கன்னு சொல்றாங்க."

"நாளைக்கு எங்கே ஓட்டு?"

பதில் சொன்னது அவர் மனைவி பாவாயி. அந்த அம்மாவுக்கு அன்று ஓட்டு இல்லை. ஆனாலும் கூடவே வந்து நின்றிருந்தார். "அதையேதானுங்க நாங்களும் கேட்டோம். நாளைக்கு வேண்ணா வந்து பெட்டி வெச்ச எடத்தைக் கும்பிட்டுட்டுப் போங்கன்னு சிரிக்கறான் தலையாரி" என்றார்.

திரும்பி வந்து அதிகாரியிடம் அப்படியே சொன்னேன். அவர் முகம் கறுத்துவிட்டது. பெட்டியை விட்டு எழுந்து போக அவருக்கு அதிகாரமில்லை. சீட்டு எழுதவும் அதிகாரமில்லை. மணியக்காரர் பக்கம் திரும்பி மிகவும் சாதுவாக ஆரம்பித்தார்.

"மணியக்காரரே, இவங்க ஆஜரை யார் எடுக்கணும்?"

"நான்தானுங்க எடுக்கணும்."

"தலையாரி எடுக்கலாமா?"

மணியக்காரர் உஷாராகிவிட்டார். தலையாரியை விட்டு ஆஜர் எடுத்ததாக மேலே போனால் அவர் வேலைக்கே உலை. "சேச்சே, அதெப்படிங்க! நான் எங்க இருக்கறனோ அங்கதானுங்க ஆஜரு" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நீங்க பெட்டி மூடற வரைக்கும் இங்கதான் இருக்கணும். அப்போ இன்னைக்கு ஆஜர் இந்தப் பள்ளிக்கூடத்துலதான். வரச் சொல்லுங்க."

வேறு வழியில்லாமல் மணியக்காரர் தலையாட்டினார். எனக்குக் கை தட்ட வேண்டும் போல இருந்தது. மறுபடி பாலத்துக்கு ஓடினேன். ஆஜருக்கென்று வாருங்கள், வந்த கையோடு ஓட்டையும் போட்டுவிடலாம் என்று மூச்சிரைக்கச் சொன்னேன். 

"வேண்டாமுங்க" என்றார் மாரப்பன். "ஆஜருக்குன்னு வந்தா நான் கேடியா வாரேன். ஓட்டுக்குன்னு வந்தா மனுசனா வாரேன். மை வெச்ச கையில பேனா புடிச்சது இதுக்குத்தானுங்களா? என்னைய ஓட்டருன்னு கூப்பிடச் சொல்லுங்க, வாரேன்."

எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. நல்ல வழி ஒன்று திறந்திருக்கிறது, இந்த மனுஷன் இப்படி வீம்பு பிடிக்கிறாரே என்று நினைத்தேன். பாவாயிதான் அவர் தோளைத் தட்டினார். "சட்டத்தை எடுக்கறதுக்குத்தான ஓட்டு? இன்னிக்கு ஒருநாளு கேடியாவே போயிட்டு வாய்யா. அப்பறம் ஆயுசுக்கும் மனுசனா இரு."

அவர் வந்தார். மற்றவர்களும் அவர் பின்னால் வந்தார்கள். பள்ளிக்கூட வாசலில் மணியக்காரர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்கள். "டேய் மாரா" என்று அவர் கூப்பிட, "இருக்கறேன் சாமி" என்று இவர் சொல்ல, ஒவ்வொருவராக ஆஜர் முடிந்தது. அதிகாரி உடனே, "இப்போ எந்திரிச்சு வரிசையில நில்லுங்க. மணியக்காரரே, முறை வந்ததும் மறுபடி கூப்பிடுங்க. பேரும் தகப்பன் பேரும் முழுசா" என்றார். வரிசையில் ஊர்க்காரர்கள் வேண்டுமென்றே இடையில் புகுந்தார்கள். இவர்கள் வாய் திறக்காமல் பின்னுக்கு நகர்ந்து நகர்ந்து நின்றார்கள். கடைசியில் முறை வந்தபோது, சற்று முன் 'டேய் மாரா' என்ற அதே வாய் அவர் பெயரையும் அவர் தகப்பன் பெயரையும் முழுசாகச் சொல்லி, "ஆமாங்க, இவருதான்" என்றது. அந்த 'இவரு' எங்கள் எல்லார் காதிலும் விழுந்தது. மாரப்பன் ஓட்டுப் போட்டார்.

கதை இதோடு முடிந்திருந்தால் என் அதிகாரியின் சாமர்த்தியத்தைச் சொல்லி உங்களைச் சிரிக்க வைத்துவிட்டுப் போயிருப்பேன். முடியவில்லை. திரும்பிப் போகும்போது பாலத்தின் முனையில் கான்ஸ்டபிள் நின்றிருந்தார். எல்லாரையும் கூட்டி வந்தவர் என்று மாரப்பனை மட்டும் பிடித்தார். ஆஜர் முடிந்தால் நேராகக் குடியிருப்புக்குத் திரும்ப வேண்டும் என்பது சட்டம். இவர் திரும்பவில்லை, நடுவில் சீட்டில்லாமல் எல்லைக்கு வெளியே தங்கியிருக்கிறார். அதுதான் கேஸ். தங்கி என்ன செய்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஓட்டுப் போட வரிசையில் நின்ற நேரம்தான் அவர் செய்த குற்றம்! இப்படி ஒரு அநியாயத்தை நீங்கள் வேறு எங்காவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

கோர்ட்டில் என் அதிகாரி தானாகவே முன்வந்து சாட்சி சொன்னார். மாஜிஸ்டிரேட் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஆஜர் முடிந்ததும் இவர் நேராகத் திரும்பினாரா?" அதிகாரி, அவர் ஓட்டர், ஓட்டுப் போட நின்றார் என்று விளக்கப் பார்த்தார். "திரும்பினாரா, இல்லையா?" என்றார் மாஜிஸ்டிரேட். பொய் சொல்லத் தெரியாதவர், இல்லை என்றார். மாரப்பன் ஜெயிலுக்குப் போனார். போகும்போது அதிகாரியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் போனார். அதை அதிகாரியால் தாங்க முடியவில்லை.

திரும்பி வரும்போது வண்டியில் அவர் என்னிடம் சொன்னதைத்தான் நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். "கெட்ட சட்டத்தோட வாலைப் பிடிச்சு அந்த மனுஷனை இக்கரைக்கு இழுத்தேன்பா. வாலுக்குப் பின்னாடி முழு உடம்பும் வரும்னு யோசிக்கலை. அவர் கேட்டதைச் செஞ்சிருக்கணும். ஓட்டரா வாங்கன்னு நம்ம பேர்ல கூப்பிட்டிருக்கணும். அப்போ பிடிச்சிருந்தா, ஓட்டரைப் பிடிச்சதா கேஸ் ஆகியிருக்கும். பதில் சொல்ல வேண்டியவங்க அவங்களா இருந்திருப்பாங்க." சாமர்த்தியம் வேறு, நியாயம் வேறு என்று எனக்கு அன்றுதான் உறைத்தது. அவசரத்தில் முதலில் கைக்கு வருவது சாமர்த்தியம்தான். அதனால்தான் இதை உங்களுக்குச் சொல்கிறேன்.

மணியக்காரரின் சம்பந்தி தோற்றார். ஜெயித்தவர்கள் பதவிக்கு வந்தார்கள், யுத்தம் வந்ததும் பதவியை விட்டுப் போனார்கள். ரேகைச் சட்டம் மட்டும் அசையாமல் இருந்தது. 

யுத்தம் முடிந்து அடுத்த தேர்தல் வந்தபோது நான் அந்த ஊர் அடங்கிய பிர்க்காவுக்கு ரெவின்யூ இன்ஸ்பெக்டர். புது ஓட்டர் லிஸ்டு என் மேஜைக்கு வந்தது. மாரப்பன் பெயர் அடிக்கப்பட்டிருந்தது. காரணம்: தண்டனை பெற்றவர். மணியக்காரரைக் கூப்பிட்டனுப்பினேன்.

"ஜெயிலுக்குப் போன ஆளுக்கு ஓட்டு ஏதுங்க?" என்றார்.

"ஜெயிலுக்குள்ள இருக்கற வரைக்கும்தான் ஓட்டில்லை. வெளிய வந்து எத்தனை வருஷமாச்சு? அதுவும் எதுக்காகப் போனார்? ஓட்டுப் போட்டதுக்காக! ஓட்டுப் போட்டதுக்கு ஜெயில், ஜெயிலுக்குப் போனதுக்கு ஓட்டில்லையா? நல்லா இருக்குதே உங்க கணக்கு!" எனக்குக் குரல் ஏறிவிட்டது. ஆபீஸே எட்டிப் பார்த்தது. மறுபடி சேர்க்கச் சொல்லி மேலே எழுதினேன், சேர்த்தார்கள். அதற்குள் பாவாயியும் எழுதப் படிக்கக் கற்று மனுக் கொடுத்திருந்தார். வாய்க்கால்மேட்டில் பல பெண்கள் கொடுத்திருந்தார்கள்.

அடுத்து பெட்டியை எங்கே வைப்பது என்ற பேச்சு வந்தது. வழக்கம்போலப் பள்ளிக்கூடம்தான் என்றார் மணியக்காரர். நான் மேலதிகாரிக்கு நேராக ஒன்று எழுதினேன். இந்த ஊரில் இரண்டு வகை ஓட்டர்கள் இருக்கிறார்கள். ஒரு வகையார் பாலத்தைத் தாண்டினால் குற்றம். இன்னொரு வகையார் எங்கே வேண்டுமானாலும் போகலாம். எல்லாரும் வந்து சேரக்கூடிய இடம் வாய்க்கால்மேடு ஒன்றுதான். இதில் சந்து பொந்து, சாமர்த்தியம் எதுவும் இல்லை. பச்சைக் குழந்தைக்கும் புரியும். கொஞ்சம் முனகிவிட்டு ஒப்புக்கொண்டார்கள். மாரப்பன் எழுத்துப் படிப்பித்த அந்தக் கொட்டகையில் பெட்டி வைக்க உத்தரவு வந்தது.

"எங்க சனம் அங்க எப்படிங்க வரும்?" என்று மணியக்காரர் வந்து நின்றார்.

"நடந்துதான். உங்களுக்குத்தான் சீட்டு வேண்டாமே" என்றேன்.

தேர்தல் நாளன்று கொட்டகையில் நானே பொறுப்பு. கதவு திறக்கும் முன்பே வாய்க்கால்மேடு முழுக்க வாசலில் நின்றது. ஓட்டு உள்ளவர், இல்லாதவர், கைக்குழந்தை எல்லாரும். முதல் ஓட்டு பாவாயி. பேனா பிடித்த காலத்திலிருந்து அந்த அம்மா காத்திருந்த நாள் அது. அடுத்தவர் மாரப்பன், தலை நரைத்து, ஜெயிலில் கெட்ட கண் ஒன்றைச் சுருக்கிக்கொண்டு. ஓட்டுள்ளவர் ஒருவர்கூட மிச்சமில்லாமல் போட்டு முடித்தார்கள். இவர்களுக்குத்தான் ஆர்வமில்லை என்றார்கள்!

ஊர்க்காரர்கள் முதலில் பாலத்துக்கு அந்தப் பக்கம் தயங்கினார்கள். பிறகு ஒருவர் வந்தார், அவரைப் பார்த்து நாலு பேர் வந்தார்கள், மத்தியானத்துக்குள் பெரும்பாலோர் வந்துவிட்டார்கள். வெற்றிலை பறிக்கத் தினம் வருகிற இடம்தானே! மணியக்காரர் மட்டும் வரவில்லை. அடையாளம் சொல்லும் வேலைக்குக்கூட உடம்பு சரியில்லை என்று ஊர்க் கணக்கு எழுதும் கர்ணத்தை அனுப்பிவிட்டார். ஆனால் வீட்டிலும் இருக்க முடியவில்லை போலிருக்கிறது. சாயங்காலம் பெட்டி மூடும் நேரம் நெருங்கியபோது பார்த்தால், வாய்க்காலுக்கு அக்கரையில், வெளுத்த வேட்டியோடு, தனியாக நின்றுகொண்டிருந்தார்.

மாரப்பன்தான் முதலில் பார்த்தார். எழுந்து பாலத்தின் முனைவரைக்கும் போனார். அவருடைய எல்லை அதுவரைக்கும்தான். அங்கே நின்றுகொண்டு கையைக் குவித்துச் சத்தமாகக் கூப்பிட்டார்.

"வாங்க சாமி! ஒருத்தரும் புடிக்க மாட்டாங்க. நாங்க சீட்டெல்லாம் கேக்கறதில்லீங்க!"

கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே கூப்பிட்டார். அதுதான் மணியக்காரரால் பொறுக்க முடியவில்லை என்று நினைக்கிறேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி நடந்துவிட்டார். நேரம் முடிந்தது, பெட்டியை மூடினேன். மறு வருஷம் எங்கள் மாகாணத்தில் ரேகைச் சட்டம் ஒழிந்தது.

அன்றைய அறிக்கையில், வராத ஓட்டர்கள் ஏன் வரவில்லை என்று கேட்டிருந்தார்கள். இறந்தவர், வெளியூர் போனவர் என்று எழுதிக்கொண்டே வந்து மணியக்காரர் பெயரில் நின்றேன். அவருக்குப் பாலம் இருந்தது. தடி பிடித்த தலையாரி இல்லை, கான்ஸ்டபிள் இல்லை, சீட்டும் வேண்டியதில்லை. 'ஆர்வமில்லை' என்று எழுதினேன். என் சர்வீஸில் அந்த வார்த்தையை நான் எழுதியது அந்த ஒரு மனிதருக்குத்தான்.